“இல்லை” என்ற பிறகு எங்கே அனுப்புவது? மட்டக்களப்பு மருந்துக்கடைகளில் எடுக்கப்படும் முடிவுகள்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஒரு பாமசி என்று வைத்துக்கொள்வோம். மாலை ஆறரை மணி. வயல்வேலை முடிந்து வந்த ஓர் அம்மா, சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த வெறும் குளிசைக் காட்டை எடுத்து நீட்டுகிறார். “மனே, இதுல ஒரு காட் தா. துண்டு வீட்டில கிடக்கு.” காட்டின் பின்பக்கத்தில் லொசார்டன் 50 மில்லிகிராம் என்று இருக்கிறது. பிரஷருக்கான குளிசை. கிளினிக் நாள் வர இன்னும் ஒன்பது நாள். கடைசிக் குளிசையை முந்தாநாள் போட்டாராம்.

சட்டத்தைப் பார்த்தால் டொக்டரின் மருந்துத் துண்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது. கொடுக்காமல் விட்டால் அடுத்த கிளினிக் வரை அந்த அம்மா மருந்தில்லாமல் இருப்பார். அதற்குள் பாரிசவாதம் வந்தால் யார் பொறுப்பு? கொடுத்துவிடலாம் என்றால், போன கிளினிக்கில் டொக்டர் அந்த மருந்தையே நிறுத்தியிருக்கலாம். சிறுநீரகம் பழுதாகத் தொடங்கியிருக்கலாம். வேறொரு குளிசையோடு சேர்ந்து இரத்தத்தில் பொட்டாசியம் ஏறலாம். பின்னால் நாலு பேர் காத்து நிற்க, ஓரிரு நிமிடத்தில் முடிவு செய்தாக வேண்டும்.

மருந்தாளரின் சட்டக் கடமை, அறக் கடமை, பாதுகாப்பான நடைமுறை என்று பேசும்போதெல்லாம் “கொடுக்கலாமா, கூடாதா” என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. வாவியால் இரண்டாகப் பிரிந்து கிடக்கும் மட்டக்களப்பில் அது பாதிக் கேள்விதான். கொழும்பில் ஒரு கடை மறுத்தால் தெருமுனையில் வைத்தியர் இருக்கிறார். இங்கே மறுத்தால் அந்த மனிதர் எங்கே போவார், எப்படிப் போவார், போய்ச் சேரும் இடத்தில் அந்த நேரம் ஆள் இருக்குமா என்பதெல்லாம் முடிவின் பகுதியாகிவிடுகின்றன. சட்டம் மருந்தாளருக்கு “இல்லை” என்று சொல்லும் உரிமையைத் தந்திருக்கிறது. அதற்குப் பிறகு நோயாளி போக வேண்டிய வழியை யாரும் போட்டுக் கொடுக்கவில்லை. இந்தக் கட்டுரை அந்த வழியைப் பற்றியது.

சட்டம் எங்கே நிற்கிறது

இலங்கையில் மருந்துக்கடையைத் தொடும் சட்டங்கள் ஒரே காலத்தில் பிறந்தவை அல்ல. மருந்தாளரைப் பதிவு செய்யும் அதிகாரம் 1927ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டத்தின் வழியே இலங்கை மருத்துவ சபையிடம் இருக்கிறது. அபின், மோர்பின் போன்றவற்றை 1929ஆம் ஆண்டின் நஞ்சுகள், அபின், அபாயகரமான ஔடதங்கள் கட்டளைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. 1980இன் 27ஆம் இலக்கச் சட்டம் அழகுசாதனப் பொருட்களையும் மருந்துகளையும் ஒரே குடையின் கீழ் வைத்திருந்தது. அதை நீக்கிவிட்டு 2015இன் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அதன் கீழ் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை அமைந்தது.

மருந்துகள் அட்டவணைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. முதலாம் அட்டவணையில் உள்ளவற்றைச் சாதாரணக் கடையிலும் விற்கலாம். இரண்டாம் அட்டவணையின் ‘அ’ பிரிவு, துண்டு இல்லாமலும் மருந்தாளர் கையால் கொடுக்கக்கூடியது. ‘ஆ’ பிரிவுக்குத் துண்டு வேண்டும். மூன்றாம் அட்டவணை, போதையூட்டும் மருந்துகள் முதலியவற்றுக்கானது; அங்கே கணக்குப் புத்தகம் கடுமையானது. இந்த நான்கில் ‘அ’ பிரிவைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். துண்டு வேண்டாம், ஆனால் மருந்தாளர் வேண்டும் என்கிறபோது, கேள்வி கேட்டு, யோசித்து, தன் பொறுப்பில் கொடுக்கத் தெரிந்த ஒருவர் அங்கே நிற்கிறார் என்று சட்டமே நம்புகிறது.

இந்த நம்பிக்கைக்கு ஒரு முன்வரலாறு உண்டு. பேராசிரியர் சேனக பிபிலே 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தைத் தொடக்கிவைத்தபோது, நாட்டுக்குள் வந்துகொண்டிருந்த ஏறத்தாழ 2100 மருந்துகளை 600 அளவுக்குக் குறைத்து, வணிகப் பெயர்களுக்குப் பதிலாகப் பொதுப்பெயர்களை முன்னுக்குக் கொண்டுவந்தார். ஒரே மருந்துக்கு இருபது பெயர் இருந்தால் ஏழைக்கு விலை புரியாது, மருந்தாளருக்குப் பிழை வரும் என்பது அவர் கண்ட உண்மை. 2015இன் சட்டம் துண்டில் பொதுப்பெயர் எழுதப்பட வேண்டும் என்கிறது. 2016 ஒக்டோபரில் 48 மருந்துகளுக்கு உச்ச சில்லறை விலை நிர்ணயிக்கப்பட்டதும் அந்தப் பாதையில் வைத்த அடிதான். மலிவான தரமான மருந்து இருக்கும்போது கூடிய இலாபம் தரும் பெயரை எடுத்து நீட்டுவதைச் சட்டம் பிடிக்காமல் விடலாம், அறம் விடாது.

சுவரில் இருப்பவரும் கடையில் இருப்பவரும்

இனி கசப்பான இடத்துக்கு வருகிறேன். பாமசிக்கு அனுமதிப்பத்திரம் வேண்டுமென்றால் பதிவு பெற்ற மருந்தாளர் ஒருவர் வேண்டும். பேராதனை, யாழ்ப்பாணம், ஸ்ரீ ஜயவர்தனபுர, ருகுணு பல்கலைக்கழகங்களில் பட்டம் பெற்று வருகிறவர்கள் இருக்கிறார்கள். இலங்கை மருத்துவக் கல்லூரிச் சபையின் பரீட்சையில் தேறி வருகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் கடைகளின் எண்ணிக்கை வளர்ந்த வேகத்துக்கு மருந்தாளர்கள் வளரவில்லை. அதனால் நாடு முழுவதும் ஒரு வழக்கம் வேரோடிவிட்டது: சான்றிதழ் சுவரில் தொங்கும், சான்றிதழுக்குரியவர் வேறெங்கோ இருப்பார். மாதம் ஒரு தொகைக்குச் சான்றிதழ் வாடகைக்குப் போகிறது. கடையில் நிற்பது கெட்டிக்காரத் தம்பி ஒருவர். எந்தக் குளிசை எந்தத் தட்டில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அவரைத்தான் சனம் “டொக்டர்” என்று கூப்பிடுகிறது.

அந்தத் தம்பியை நான் குறை சொல்ல வரவில்லை. பலர் கவனமானவர்கள். ஆனால் மருந்தின் இடம் தெரிவதும் மருந்து தெரிவதும் ஒன்றல்ல. வாடகைச் சான்றிதழில் அறமும் சட்டமும் பாதுகாப்பும் ஒரே அடியில் விழுந்துவிடுகின்றன: முடிவு எடுக்க வேண்டியவர் இல்லை, எடுப்பவருக்கு அதிகாரம் இல்லை, பிழை நடந்தால் பொறுப்பேற்க ஆளும் இல்லை. உணவு, மருந்துப் பரிசோதகர்கள் வருகிறார்கள், வழக்கும் போடுகிறார்கள். ஒரு மாவட்டம் முழுக்க, வாகரையிலிருந்து வெல்லாவெளி வரை, விரல்விட்டு எண்ணக்கூடிய பரிசோதகர்கள் எத்தனை கடைக்கு எத்தனை தடவை போக முடியும்?

காய்ச்சல் என்று வருகிறவர்

மட்டக்களப்பில் ஒரு மருந்தாளர் மிக அதிகமாக எடுக்கும் முடிவு காய்ச்சலைப் பற்றியது. மாரி மழை தொடங்கினால் டெங்கு. வயலில் இறங்கினால் எலிக்காய்ச்சல். இரண்டும் முதல் இரண்டு நாள் ஒரே முகத்தோடு வரும்: காய்ச்சல், உடம்பு உளைச்சல், தலையிடி. கடைக்கு வருகிறவர் கேட்பது “உளைச்சலுக்கு நல்லா வேலை செய்யிற குளிசை.” டிக்குளோபெனாக், மெஃபெனமிக் அசிட், ஐபுபுரொபன் எல்லாம் உளைச்சலுக்கு நல்லாகத்தான் வேலை செய்யும். டெங்கு என்றால் அதே குளிசை குருதிக்கசிவைக் கூட்டிவிடும். 2017இல் இந்த நாட்டில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் டெங்கு சந்தேகத்தில் பதிவானார்கள். நானூறுக்கு மேல் உயிர்கள் போயின. ஆகவே காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் தவிர வேறெந்த வலிநிவாரணியும் கடையில் இருந்து போகக் கூடாது என்பதை மட்டக்களப்பில் விதியாகவே வைத்துக்கொள்ள வேண்டும். எத்தனை நாளாகக் காய்ச்சல், சிறுநீர் சரியாகப் போகிறதா, வயிற்றுநோ அல்லது சத்தி இருக்கிறதா, வயலில் இறங்கினீர்களா: இந்த நாலு கேள்விக்கு ஒரு நிமிடம் போதும். மூன்றாம் நாளுக்குள் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பிவைப்பது உயிர் காக்கும் மருந்தாளுமை.

எலிக்காய்ச்சலில் இன்னொரு நுணுக்கம். விதைப்புக்கு முன் வயலில் இறங்குகிறவர்களுக்கு டொக்சிசைக்கிளின் முற்காப்பாகக் கொடுக்கும் வழக்கம் சுகாதாரத் துறைக்கு உண்டு. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் (பி.எச்.ஐ.) இலவசமாகவே கொடுப்பார்கள். இது தெரியாமல் விவசாயி கடைக்கு வந்து “ஒரு காட்” கேட்கிறார். துண்டில்லாத அன்டிபயோட்டிக் என்று அவரை வெறுமனே திருப்பி அனுப்பினால் சட்டம் நிறைவேறும், அவர் முற்காப்பில்லாமல் சேற்றில் இறங்குவார். “பி.எச்.ஐ. ஐயாவிட்டக் கேளுங்கண்ணே, சும்மா தருவார்” என்று ஒரு வசனம் சேர்த்தால் சட்டமும் காப்பாற்றப்படுகிறது, மனிதரும் காப்பாற்றப்படுகிறார்.

அன்டிபயோட்டிக் விற்பனை பொதுவாகவே எங்கள் கடைகளின் பலவீனம். நோயாளிபோல் சென்று ஆய்வாளர்கள் சோதித்தபோது இலங்கைப் பாமசிகள் பலவற்றில் துண்டில்லாமலே கிடைத்திருக்கிறது. தடிமலுக்கு அமொக்சிசிலின் மூன்று, வயிற்றோட்டத்துக்கு மெற்றோனிடசோல் நாலு என்று எண்ணிக் கொடுக்கிறார்கள். முழு அளவுக்குக் காசில்லாத ஏழை பாதியை வாங்குகிறார். கிருமி மிஞ்சிப் பழகிக்கொள்கிறது. நாளை அதே வீட்டுக் குழந்தைக்கு நிமோனியா வரும்போது அந்த மருந்து வேலை செய்யாது. “நான் கொடுக்காவிட்டால் பக்கத்துக் கடையில் வாங்குவார்கள்” என்பது உண்மையான நியாயம், அதனால்தான் கடினமான நியாயம். ஒரு கடை தனியாக நல்லதாக இருப்பது பிழைப்பைக் கெடுக்கும். காத்தான்குடியிலோ களுவாஞ்சிகுடியிலோ ஒரு தெருவில் உள்ள எல்லாக் கடைக்காரரும் ஒன்றாக இருந்து பேசி, துண்டில்லாமல் கொடுப்பதில்லை என்று ஒரே நாளில் முடிவெடுத்தால் யாருக்கும் நட்டமில்லை.

மறுக்கவே வேண்டிய மருந்துகள்

சில மருந்துகளில் தயக்கத்துக்கே இடமில்லை. நரம்பு வலிக்கும் வலிப்புக்கும் எழுதப்படும் பிறெகபலின், கடும் வலிக்கான டிறமடோல் ஆகியவை சில ஆண்டுகளாக வடக்கிலும் கிழக்கிலும் “போதை மாத்திரை” என்ற பெயரில் பொலிஸ் செய்திகளில் வந்துகொண்டிருக்கின்றன. பதினெட்டு வயதுப் பையன் துண்டோடு வந்தாலும் துண்டு அசலா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. இரவில் தனியாக நிற்கும் மருந்தாளருக்கு, குறிப்பாகப் பெண்ணுக்கு, மூன்று பேர் சேர்ந்து வந்து மிரட்டிக் கேட்கும்போது சட்டப் புத்தகம் துணைக்கு வராது. எனவே இதைத் தனிமனித நேர்மைப் பிரச்சினையாக மட்டும் பார்ப்பது அநியாயம். இருட்டிய பிறகு இருவர் கடையில் இருப்பது, அந்த வகை மருந்துகளைக் கண்ணில் படாத பூட்டிய அலுமாரியில் வைப்பது, பொலிஸ் நிலையத்தோடு முன்கூட்டியே பேசி வைப்பது ஆகியவை முதலாளியின் கடமைகள்.

மிசோப்பிரஸ்டோல் இன்னும் நுட்பமானது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைப்படி தாயின் உயிரைக் காப்பதற்காக அன்றிக் கருக்கலைப்புச் செய்வது இந்த நாட்டில் குற்றம். பிரசவத்துக்குப் பிந்திய குருதிப்போக்கை நிறுத்த வைத்தியசாலையில் பயன்படும் இந்த மருந்து, கள்ளத்தனமாகக் கடைகளிலும் கைமாறுகிறது. மருந்தாளர் மறுக்க வேண்டும். ஆனால் கேட்டு வந்த பெண்ணின் முகத்தில் அறைந்தாற்போல் “இல்லை” என்று சொல்லி அனுப்பினால் அவர் அடுத்து எங்கே போவார் என்பது எல்லாருக்கும் தெரியும். குருதி போனாலோ காய்ச்சல் வந்தாலோ தயங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகலாம், அங்கே சிகிச்சை கிடைக்கும் என்று அவருக்குச் சொல்லிவிடுவது குற்றத்துக்கு உடந்தையாகாது. அது ஓர் உயிரைக் காக்கலாம். உறவுக்குப் பின் 72 மணித்தியாலத்துக்குள் எடுக்கும் அவசரக் கருத்தடைக் குளிசையை இதோடு குழப்பிக்கொண்டு, சட்டப்படி விற்கக்கூடிய அதையும் முகம் சுளித்து மறைப்பவர்கள் இருக்கிறார்கள். தன் மனச்சாட்சி ஒத்துக்கொள்ளாத மருந்தாளருக்கு விலகி நிற்க உரிமை உண்டு. அடுத்த கடையைக் காட்டாமல் விட உரிமை இல்லை என்றே நினைக்கிறேன்.

இன்னொரு துயரத்தையும் சொல்லியாக வேண்டும். தற்கொலை முயற்சி 1998 முதல் இலங்கையில் குற்றமல்ல. கொடிய பூச்சிநாசினிகள் தடைசெய்யப்பட்டதால் சாவுகள் பெரிதும் குறைந்தன. ஆனால் மருந்துக் குளிசைகளை அளவுக்கு மீறி எடுத்து ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். பிரித்தானியா 1998இல் பரசிட்டமோல் பெட்டியின் அளவையே சட்டத்தால் குறைத்தது. எங்கள் கடைகளில் எந்த வயதினரும் எத்தனை காட்டும் வாங்கலாம் என்ற நிலை மாற வேண்டும். அழுத கண்ணோடு வந்து நிறைய வலிநிவாரணி கேட்கும் பிள்ளையிடம் “என்ன மகள், யாருக்கு உடம்பு சரியில்ல?” என்று கேட்பதற்குப் பட்டம் தேவையில்லை. 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணைக் கடையில் தெரியும்படி ஒட்டிவைப்பதற்கும் செலவில்லை.

பிழை எங்கே நடக்கிறது

மருந்துப் பிழைகள் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் நடப்பவை அல்ல. துண்டின் கிறுக்கல், ஒன்றுபோல் ஒலிக்கும் பெயர், ஒன்றுபோல் தோன்றும் பெட்டி, அந்திநேரக் களைப்பு. உலக சுகாதார நிறுவனம் 2017இல், தவிர்க்கக்கூடிய மருந்துத் தீங்கை ஐந்தாண்டில் பாதியாக்குவோம் என்று அறைகூவல் விடுத்தது. உலகெங்கும் ஆட்களைக் கொன்ற ஒரு பிழையை மட்டும் இங்கே விரிக்கிறேன். மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோரெக்சேற் கிழமைக்கு ஒரு நாள் மட்டும் எடுக்க வேண்டிய மருந்து. நாளுக்கு ஒன்று என்று எடுத்தால் எலும்பு மச்சை அழிந்து வாயெல்லாம் புண்ணாகி உயிர் போகும். கடதாசி உறையில் “1” என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் எழுதியவர் பார்வையில் சரி, வாங்கியவர் பார்வையில் தினமும் ஒன்று. “கிழமைக்கு ஒருநாள், வெள்ளிக்கிழமை மட்டும்” என்று தமிழில், நாளின் பெயரோடு எழுத வேண்டும்; எழுதியதை நோயாளி வாயால் திருப்பிச் சொல்லக் கேட்க வேண்டும்.

மொழிதான் இங்கே பாதுகாப்பின் பாதி. பெட்டியும் உள்ளிருக்கும் தாளும் ஆங்கிலம். கிளினிக் கொப்பியும் ஆங்கிலம். விடிய, பகல், இரவு என்று தமிழில் எழுதப்படும் அந்தச் சின்ன உறை மட்டுமே நோயாளிக்குப் புரியும் ஒரே ஆவணம். நோன்பு மாதத்தில் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் ஓட்டமாவடியிலும் அந்த “பகல்” காணாமல் போகிறது. சீனி வருத்தத்துக்கு மூன்று வேளை குளிசை போடுகிறவர் பகல் குளிசையை நோன்பு திறந்ததும் மற்றதோடு சேர்த்துப் போட்டுக்கொள்கிறார். இன்சுலின் போடுகிறவருக்குப் பின்னேரம் சீனி இறங்கி மயக்கம் வருகிறது. நோன்புக்கு இரண்டு கிழமைக்கு முன்பே “டொக்டரிட்டப் போய் நேரத்தை மாத்திட்டு வாங்க நானா” என்று சொல்லத் தொடங்குவது மட்டக்களப்பு மருந்தாளருக்கே உரிய கடமை. கூட்டுக் குளிசையின் ஜெலற்றின் எந்த விலங்கிலிருந்து வந்தது, பாணி மருந்தில் மதுசாரம் உண்டா என்று கேட்கிறவருக்கும் எரிச்சல் படாமல் தேடிப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். பதில் கிடைக்காவிட்டால் அவர் மருந்தையே நிறுத்திவிடுவார்.

மருந்து இல்லாத நாட்களில்

2004 டிசம்பர் 26இல் கடல் நாவலடியையும் கல்லடியையும் அடித்துச் சென்ற பிறகு, சுனாமி தொட்ட நாடுகளுக்கெல்லாம் மருந்து மலைபோல் வந்தது. இந்தோனேசியாவின் ஆச்சேயில் மட்டும் 4000 தொன் வந்து குவிந்தது; அதில் பெரும்பகுதி தேவையற்றதாக, படிக்க முடியாத மொழியில், காலாவதியை நெருங்கியதாக இருந்தது. நன்கொடை மருந்துக்கு வந்திறங்கும் நாளில் குறைந்தது ஓராண்டு ஆயுள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1996லேயே வழிகாட்டியிருந்தது. 2022இல் டொலர் இல்லாமல் மருந்து அற்றுப்போனபோது அந்தப் பாடம் திரும்பவும் தேவைப்பட்டது. தமிழ்நாடு அரசு அரிசியோடும் பால்மாவோடும் மருந்தும் அனுப்பியது. புலம்பெயர்ந்தோர் பைகளில் கொண்டுவந்தார்கள். அன்பில் வந்தது என்பதற்காக எந்த மருந்தையும் சோதிக்காமல் கொடுக்க முடியாது. மறுபுறம், தட்டுப்பாட்டில் எழுதிய மருந்து இல்லாதபோது “கிட்டத்தட்ட அதுபோல ஒன்று” கொடுப்பதும் ஆபத்து. ஒரே பொதுப்பெயரில் வேறு நிறுவனத்தின் மருந்தைக் கொடுக்கலாம். வேறு மருந்தென்றால் எழுதியவரிடம் கேட்காமல் மாற்றக் கூடாது.

தரத்தைப் பற்றிய அச்சம் இன்று கற்பனையல்ல. 2023இல் கண்ணில் விட்ட சொட்டு மருந்தால் நோயாளிகள் பாதிக்கப்பட்டார்கள். தரமற்ற மனித இம்யூனோகுளோபுலின் கொள்வனவு தொடர்பாக முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல்ல 2024 பெப்ரவரியில் கைதானார். 2025இல் காஞ்சிபுரத்தில் தயாரான கோல்ட்ரிஃப் என்ற இருமல் பாணி மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளின் சிறுநீரகத்தை அழித்துக் கொன்றது. அதில் டைஎதிலீன் கிளைக்கோல் கலந்திருந்தது. அதே நஞ்சு 1972இலேயே சென்னையில் குழந்தைகளைக் கொன்றது. சின்னப் பிள்ளையின் தடிமலுக்குப் பாணி வேண்டாம் என்று தாயிடம் சொல்ல மருந்தாளருக்கு இதைவிடக் காரணம் வேண்டுமா? போத்தல் விற்காமல் போகும். போகட்டும்.

அந்த அம்மாவுக்கு என்ன செய்வது

வெறுங் காட்டோடு நின்ற அம்மாவை மறக்கவில்லை. வீட்டில் பேரன் இருந்தால் கிளினிக் கொப்பியைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லலாம்; துண்டு கண்முன் வந்துவிடும். கடையிலேயே பிரஷரை அளந்து பார்க்கலாம். பெரிதாக ஏறியிருந்தாலோ, கை கால் விறைப்பு, பேச்சுக் குழறல் இருந்தாலோ 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். அப்படி ஒன்றும் இல்லையென்றால் மறுநாள் காலை மகிழடித்தீவு வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்கு அனுப்பலாம். பிரித்தானியாவில் துண்டில்லாத அவசரத்துக்கு, ஏற்கெனவே எடுத்துவரும் மருந்தை மருந்தாளர் தன் பொறுப்பில் பதிவு செய்து கொடுக்கும் விதி உண்டு. எங்கள் சட்டத்திலும் இரண்டு மூன்று நாளுக்கு மட்டும், பதிவேட்டில் எழுதிக் கொடுக்கலாம் என்று ஒரு விதி தெளிவாக எழுதப்பட வேண்டும். இப்போது நல்ல மருந்தாளர் சட்டத்தை மீறியோ மனதை மீறியோதான் வீட்டுக்குப் போகிறார்.

வாவிக்குக் குறுக்கே மண்முனைப் பாலம் 2014இல் திறந்தபோது படுவான்கரையின் தூரம் குறைந்தது. ஆனால் பாலம் மட்டும் போதாது. வாவியின் இரு பக்கத்திலும் கடைக்கொரு மருந்தாளர் வேண்டும். அதை அதிகாரசபைக்கும் மாகாண சுகாதாரத் திணைக்களத்துக்கும் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். வாசகராகிய நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அடுத்த முறை பாமசிக்குப் போகும்போது சுவரில் தொங்கும் சான்றிதழில் உள்ள பெயரைப் படியுங்கள். அவர் இப்போது கடையில் இருக்கிறாரா என்று மரியாதையாகக் கேளுங்கள். இருந்தால், அவரிடமே மருந்தை வாங்குங்கள்.